நின்றுபோன மிஷினும் நிற்காத மீட்டரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், மெக்கானிக்கல் துறைக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ஊருக்கு வர்றியாமே, உபயோகமா இருபது நிமிஷம் பேசு. சுயசரிதை மட்டும் வேண்டாம்ப்பா, போன வருஷமே நாலு பேர் சொல்லிட்டாங்க" என்றார். அவர் சொல்லைத் தட்ட முடியாது. நான் 2011-ல் இந்தத் துறையில் படிப்பை முடித்தவன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், இண்டியானாபொலிஸ் நகரில், கட்டடங்களுக்கான ஏ.சி., ஹீட்டிங் வேலையில் இருக்கிறேன். சுயசரிதை அவ்வளவுதான்.

வார நாட்களில் ஆபீஸ், ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் பெரிய மிஷின்களோடு பொழுது போகும். சனி ஞாயிறில் எங்கள் தெருக்காரர்களின் வீட்டு மிஷின்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, ஆப்பிள் பை கிடைக்கும். இன்றைக்குப் பேசப் போவது அந்த வீட்டு மிஷின்களில் ஒன்றைப் பற்றி. அங்கே அதை 'ஜியோதெர்மல் ஹீட் பம்ப்' என்கிறார்கள். அது நின்றுபோனால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் இந்தப் பெயர் செய்கிற குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜியோதெர்மல் என்றதும் எரிமலை, வெந்நீர் ஊற்று, ஐஸ்லாந்து என்று நினைவுக்கு வரும். இது அதுவல்ல. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளித்தவர்களுக்கு இது தெரியும். வெளியே பல் கிட்டும் குளிர், வாளித் தண்ணீர் மட்டும் வெதுவெதுன்னு இருக்கும். தண்ணீர் சூடாகிவிடவில்லை. பூமி சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கிறது, மேலே காற்றுதான் மாறுகிறது. இண்டியானாபொலிஸ் பக்கம் அந்த நிலத்தடி வெப்பநிலை சுமார் 54 டிகிரி பாரன்ஹீட், அதாவது 12 டிகிரி செல்சியஸ். வெளியே மைனஸ் 18 செல்சியஸ் இருக்கும்போது 12 டிகிரி என்பது பெரிய சொத்து. அந்த 12 டிகிரியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரஸரால் அழுத்தி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான காற்றாக விடுவதுதான் இந்த மிஷினின் வேலை. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் வெப்பத்தைப் பின்பக்கம் தள்ளுகிறதே, அதே வேலை. இங்கே ஃபிரிட்ஜின் உள்பக்கம் தோட்டம், பின்பக்கம் கூடம்.

இந்த யோசனையும் புதிதல்ல. கெல்வின் பிரபு 1852-லேயே ஹீட் பம்பைத் தத்துவமாக எழுதிவிட்டார். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் முறைக்கு ஸ்விட்சர்லாந்தில் ஹைன்ரிக் சோலி 1912-ல் காப்புரிமை வாங்கினார். 1940-களில் எங்கள் இண்டியானாபொலிஸிலேயே ராபர்ட் வெபர் என்பவர் தன் வீட்டை இப்படிச் சூடாக்கிக் காட்டினார். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பெருமை உண்டு.

வீட்டு அமைப்பு இதுதான். தோட்டத்தில் ஆழத்துளையிலோ நீளமான பள்ளத்திலோ பாலிஎதிலீன் குழாயைப் போட்டுப் புதைத்திருப்பார்கள். இதை லூப் என்பார்கள். அதற்குள் தண்ணீரோடு உறையாமல் இருக்க புரோபிலீன் கிளைக்கால் அல்லது மெத்தனால் கலந்து, ஒன்றிரண்டு சிறிய பம்புகளால் சுற்றவிடுவார்கள். பேஸ்மென்ட்டில் பீரோ அளவில் ஹீட் பம்ப் நிற்கும். உள்ளே கம்ப்ரஸர், தண்ணீர் பக்கத்துக் காயில், காற்றுப் பக்கத்துக் காயில், எக்ஸ்பான்ஷன் வால்வ், ரிவர்ஸிங் வால்வ், ப்ளோயர், ஒரு கண்ட்ரோல் போர்டு. தம்பி தங்கைகள் ஆறாவது செமஸ்டரில் போர்டில் வரைகிற அதே சைக்கிள், தகரப் பெட்டிக்குள். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு பங்கு வெப்பம் வீட்டுக்குள் வரும்.

சரி, நின்றுபோச்சு. எப்படித் தெரியும்? சிரிக்காதீங்க, பல வீடுகளில் தெரியவே தெரியாது. ஏனென்றால் ஹீட் பம்ப் நின்றாலும் வீடு சூடாகவே இருக்கும். அதே பெட்டியிலோ காற்றுக் குழாயிலோ அவசரத்துக்கென்று 10 கிலோவாட் ஹீட்டர் காயில் ஒன்றை வைத்திருப்பார்கள். நம் வாட்டர் ஹீட்டரில் இருக்கிறதே, அந்த ஜாதி. கம்ப்ரஸர் நின்றதும் தெர்மோஸ்டாட் சத்தமில்லாமல் இதைப் போட்டுவிடும். வீட்டுக்காரர் வழக்கம்போல டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். 10 கிலோவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 240 யூனிட். அங்கே யூனிட் ஏறத்தாழ 15 சென்ட் என்று வைத்தால் தினமும் 36 டாலர். மாசக் கடைசியில் பில்லைப் பார்த்த பிறகுதான் மிஷின் நின்றது மூன்று வாரத்துக்கு முன்னால் என்று புரியும். அதனால் எங்கள் தெருவில் நான் எல்லோரிடமும் சொல்வது: ஜனவரியில் வாரம் ஒருமுறை பேஸ்மென்ட்டில் இறங்கி மிஷின் பக்கத்தில் அரை நிமிஷம் நில்லுங்கள். ப்ளோயர் சத்தத்துக்கு அடியில் கம்ப்ரஸரின் கனமான உறுமல் கேட்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் 'ஆக்ஸ்' அல்லது 'எமர்ஜென்சி' என்ற எழுத்து ஓயாமல் தெரிந்தால் அது அலங்காரமல்ல.

நின்றது உறுதியென்றால், முதலில் போர்டைப் பார்க்க வேண்டும். சிறிய விளக்கு ஒன்று கண் சிமிட்டும், அல்லது எண் தெரியும். இத்தனை சிமிட்டல் என்றால் ஹை பிரஷர், இத்தனை என்றால் லோ பிரஷர், இத்தனை என்றால் உறைநிலைப் பாதுகாப்பு என்று கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். பெரும்பாலான மிஷின்கள் கோளாறு வந்ததும் தானே மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும். மூன்று தரம் முயன்றும் முடியாவிட்டால் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்கு லாக்-அவுட் என்று பெயர். இங்கே எல்லோரும் செய்கிற காரியம், தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்து மறுபடி போடுவது. ஓடும். ரெண்டு மணி நேரம் கழித்து நிற்கும். மறுபடி போடுவார்கள். அப்படிச் செய்வதற்கு முன்னால் அந்தச் சிமிட்டலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பவரை எடுத்தால் சில போர்டுகள் மறந்துவிடும்.

ஆனால் போர்டு சொல்வது எந்தக் கதவில் மிஷின் இடித்துக்கொண்டு நின்றது என்பதை மட்டும்தான். யார் தள்ளினார்கள் என்று அதற்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தில்தான் ஆயிரக்கணக்கான டாலர் புழங்குகிறது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்றேன், மாணவர்கள் கவனிக்கணும். குளிர்காலத்தில் தண்ணீர் பக்கத்துக் காயில்தான் எவாப்பரேட்டர், வீட்டுக் காற்றுப் பக்கத்துக் காயில் கண்டென்சர். கோடையில் ரிவர்ஸிங் வால்வ் திரும்பியதும் ரெண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே ஒரே சிமிட்டலுக்கு மாசத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும். ஜனவரியில் ஹை பிரஷர் என்று நின்றால், வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று போதவில்லை. ஃபில்ட்டரைப் பார், ப்ளோயரைப் பார், யாராவது 'ரூம் உபயோகிக்கலையே' என்று காற்று வருகிற வாய்களை மூடி வைத்திருக்கிறார்களா பார். அதே ஹை பிரஷர் ஜூலையில் வந்தால் குற்றவாளி தோட்டத்துப் பக்கம்: லூப் தண்ணீர் ஓடவில்லை, அல்லது மிகவும் சூடாகிவிட்டது. லோ பிரஷர், உறைநிலை என்றால் தலைகீழ். ஜனவரியில் தண்ணீரைச் சந்தேகி, ஜூலையில் காற்றைச் சந்தேகி. இதைத் தெரிந்து வைத்திருந்தால் பேஸ்மென்ட்டில் பாதி தூரம் நடை மிச்சம்.

எங்கள் தெருவில் ஒருவர், மகளுக்கு அலர்ஜி என்று கடையில் இருந்ததிலேயே நெருக்கமான நெய்ப்புள்ள ஒரு இன்ச் ஃபில்ட்டரை வாங்கிப் போட்டார். நல்ல தகப்பன். ஆனால் ஒரு மாசத்துத் தூசி சேர்ந்ததும் காற்றுப் போக வழியில்லாமல் குளிர்கால ஹை பிரஷரில் மிஷின் நின்றது. ஃபில்ட்டரை எடுத்துக் கையில் கொடுத்தேன், மிஷின் ஓடியது. பிறகு நாலு இன்ச் தடிமனான ஃபில்ட்டருக்கு ஒரு சட்டம் அடித்துப் பொருத்தினோம். அதே நெருக்கம், ஆனால் மடிப்பு மடிப்பாகப் பரப்பு அதிகம். மகளுக்கும் சரி, மிஷினுக்கும் சரி.

லூப் பக்கம் வந்தால், முதலில் அழுத்தம். மூடிய லூப்பில் கேஜ் இருந்தால் படியுங்கள். பிளாஸ்டிக் குழாய் கோடையில் சூடேறி விரியும், அழுத்தம் இறங்கும். குளிரில் சுருங்கும், ஏறும். ஆகவே ஆகஸ்டில் கேஜ் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்து 'தோட்டத்தில் குழாய் உடைஞ்சு போச்சு' என்று யாராவது சொன்னால் உடனே புல்டோசரைக் கூப்பிட வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் இணைப்புகள் சூட்டில் உருக்கி ஒட்டப்பட்டவை, குழாயைவிட அவை கெட்டி. கசிவு இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, பம்ப் ஃபிட்டிங்கிலோ ஹோஸ் மாட்டிய இடத்திலோ ஈரமாகக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் பூஜ்யத்துக்குப் போனால் வேறு கதை. காற்று புகும், பம்பில் களகளவென்று சத்தம் வரும், தண்ணீர் நகராது. பம்ப் மோட்டாரில் கரண்ட் இருக்கும், உடம்பு கொதிக்கும், வேலை நடக்காது. லூப்பைக் கழுவி, காற்றை வெளியேற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றினால் சரியாகிவிடும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகிவிட்டு அடங்கினால் கெப்பாசிட்டரைப் பாருங்கள், சில சமயம் தலை உப்பியிருக்கும். கன்டாக்டர் முனைகள் கருகியிருக்கும், அங்கே எறும்புகூடப் புகுந்து மாட்டிக்கொள்ளும். இரண்டும் விலை குறைந்த சாமான்கள். ஆனால் உள்ளே 240 வோல்ட். பிரேக்கரை இறக்கிய பிறகும் கெப்பாசிட்டர் சார்ஜ் வைத்திருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் கதவைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

இனி ஒரு வீட்டுக் கதை. 2024 ஜனவரி நடுவில் எங்கள் பக்கம் கடும் குளிர் அலை. வெளியே பூஜ்யம் பாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது மைனஸ் 18 செல்சியஸ். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர். கணவர் இருந்தபோது 2012-ல் போட்ட 4 டன் ஜியோதெர்மல் மிஷின். அது பத்து நாளாக மக்கர் செய்கிறது. சர்வீஸ் கம்பெனிக்காரர் இரண்டு தரம் வந்து போய்விட்டார். முதல் தரம் அவர் வந்தது காலை எட்டு மணிக்கு. ஸ்டார்ட் செய்தார், இருபது நிமிஷம் அழகாக ஓடியது, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று போய்விட்டார். மத்தியானம் நின்றது. இரண்டாம் தரம் வந்தவர் கேஜ் மாட்டிப் பார்த்தார். சக்‌ஷன் பிரஷர் 85 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தது. கேஸ் கசிகிறது, தண்ணீர் காயிலும் போயிருக்கும், பன்னிரண்டு வருஷ மிஷினுக்கு இனிச் செலவு செய்வது வீண் என்று சொல்லிப் புது மிஷினுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். 18,000 டாலர். அந்த அம்மா அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டி வைத்திருந்தார். "பாங்கில் கடன் கேட்கப் போகிறேன், அதற்கு முன்னால் நீ ஒரு பார்வை பார்த்துச் சொல்வாயா?" என்றார்.

கேஸ் பக்கம் நான் கையே வைக்கவில்லை. அங்கே அதைத் தொட அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. இந்த மிஷின்களில் கேஸ் சில பவுண்டுதான் இருக்கும். ஒவ்வொரு தரம் கேஜ் மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் போய்விடும். கேஸ் சரியாக இருந்த மிஷினைச் சோதித்துச் சோதித்தே குறைத்தவர்கள் உண்டு. கேஸைத் தொடாமல், தண்ணீரையும் காற்றையும் அளந்தே மிஷின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியும்.

தண்ணீர் உள்ளே போகிற குழாயிலும் வெளியே வருகிற குழாயிலும் ஊசி நுழைக்கிற மாதிரி ஒரு ரப்பர் வாய் வைத்திருப்பார்கள். அதில் ஊசி தெர்மாமீட்டரைச் செருகினால் வெப்பநிலை, ஊசி கேஜைச் செருகினால் அழுத்தம். ஒரு தந்திரம் சொல்றேன்: இரண்டு வாய்க்கும் ஒரே கேஜ், ஒரே தெர்மாமீட்டர்தான் உபயோகிக்க வேண்டும். கருவியில் ஒரு டிகிரி பிழை இருந்தாலும் கழிக்கும்போது அடிபட்டுப் போகும். இரண்டு கருவி வைத்தால் அந்தப் பிழையே விடையாகிவிடும், ஏனென்றால் நாம் தேடுகிற வித்தியாசமே நாலிலிருந்து எட்டு டிகிரிதான்.

அழுத்த வித்தியாசத்தை மிஷின் புத்தகத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் நிமிஷத்துக்கு எத்தனை கேலன் ஓடுகிறது என்று வரும். அந்த வீட்டில் 12 கேலன், நம் கணக்கில் 45 லிட்டர். டன்னுக்கு 3 கேலன், பாடப் புத்தகம் மாதிரி. ஆக ஓட்டம் சரி, பம்ப் சரி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே போகிற தண்ணீர் 38 பாரன்ஹீட், வெளியே வருவது 33. வித்தியாசம் 5. மணிக்கு எடுக்கிற வெப்பம் எவ்வளவு? சுத்தத் தண்ணீருக்கு கேலன் பெருக்கல் டிகிரி பெருக்கல் 500. ஒரு கேலன் 8.34 பவுண்டு, மணிக்கு 60 நிமிஷம், இரண்டையும் பெருக்கினால் ஐந்நூறு வந்துவிடும், மனப்பாடம் வேண்டாம். கிளைக்கால் கலந்திருப்பதால் 485. பன்னிரண்டு, ஐந்து, நானூற்று எண்பத்தைந்து: 29,100 பி.டி.யு. எட்டரைக் கிலோவாட். கம்ப்ரஸர் மின்சாரம் 2.7 கிலோவாட். அந்தத் தண்ணீர் வெப்பநிலைக்குப் புத்தகத்தில் போட்டிருந்ததும் ஏறக்குறைய அதேதான்.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? கேஸ் கசிந்த மிஷின் இவ்வளவு வெப்பத்தை எடுக்க முடியாது. அடைத்துப்போன காயிலும் முடியாது. 85 பி.எஸ்.ஐ. என்பது 38 டிகிரித் தண்ணீருக்கு நியாயமான அழுத்தம்தான். ஆர்-410ஏ கேஸ் அந்த அழுத்தத்தில் 24, 25 டிகிரி பாரன்ஹீட்டில் கொதிக்கும். கோடைகால எண்ணோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் ஏன் நிற்கிறது? நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் நின்றது. சிமிட்டல்: உறைநிலைப் பாதுகாப்பு.

எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் தண்ணீர் காயிலுக்கும் நடுவே குழாயில் ஒரு சென்சார் கட்டியிருப்பார்கள். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், காயிலுக்குள் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும் என்று பயந்து போர்டு மிஷினை நிறுத்தும். அந்த அளவு எவ்வளவு என்பதற்குப் போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. கிணற்றுத் தண்ணீர் நேராக ஓடுகிற வீடுகளுக்கு 30 டிகிரி. உறையாத திரவம் போட்ட லூப்புகளுக்கு 15 டிகிரி, சில கம்பெனிகளில் 10. சென்சார் காட்டியது 28. உறையாத திரவம் போட்ட வீட்டில் 28 என்பது ஒரு விஷயமே இல்லை.

"இந்த போர்டு எப்போது மாற்றினது?" என்று கேட்டேன். போன கோடையில் இடி விழுந்து போர்டு எரிந்துபோய், புதுசு போட்டார்களாம். புது போர்டு ஃபாக்டரியிலிருந்து 30 டிகிரியில் வரும், அதுதான் பாதுகாப்பான பக்கம். மாற்றியவர் பழைய போர்டில் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்காமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கோடையில் தண்ணீர் காயில் கண்டென்சர், உறைகிற பேச்சே இல்லை. அக்டோபர், நவம்பரில் லூப் இன்னும் 50 டிகிரியில் இருந்தது, பிரச்சினை இல்லை. ஜனவரியில் நிலத்திலிருந்து வெப்பம் எடுத்து எடுத்து லூப் 38-க்கு இறங்கிய பிறகுதான் அந்த ஸ்விட்ச் குறுக்கே வந்தது. ராத்திரி முழுக்க மிஷின் பூட்டிக்கிடந்தால் லூப் 42 வரை தேறிவிடும், அதனால்தான் காலை எட்டு மணிக்கு வந்தவருக்கு அழகாக ஓடிக் காட்டியது. நோயாளி டாக்டரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்த கதை.

உடனே ஸ்விட்ச்சைத் தள்ளிவிடவில்லை. இங்கே அவசரப்பட்டால் நிஜமாகவே காயில் வெடிக்கும். லூப்பில் உறையாத திரவம் இருக்கிறதா, எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று தெரிய வேண்டும். அந்த அம்மாவின் கணவர் கட்டி வைத்திருந்த ஃபைலில், 2012-ல் 25 சதவீதம் புரோபிலீன் கிளைக்கால் போட்டதாக பில் இருந்தது. காகிதம் போதாது, நடுவில் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கலாம். கார் மெக்கானிக்குகள் கூலன்ட் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. புரோபிலீனுக்கு அதில் தனி அளவுகோல் இருக்கும், எதிலீன் கோட்டில் படித்தால் தப்பு. வடிகுழாயில் நாலு சொட்டு எடுத்துப் பார்த்தேன், 15 டிகிரியை ஒட்டி நின்றது. அதற்குப் பிறகு பிரேக்கரை இறக்கி, பேனா முனையால் ஸ்விட்ச்சை அந்தப் பக்கம் தள்ளினேன். மிஷின் ஓடியது. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடியது, இதை எழுதும்வரை ஓடுகிறது. காந்தத்தில் ஒட்டியிருந்த காகிதத்தின் பின்பக்கம் நான் எடுத்த ரீடிங்குகளை எழுதி, தேதி போட்டு, ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

அந்த சர்வீஸ்காரரைத் திட்டுவது எளிது. குளிர் அலையில் அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து வீடு. சாதாரண ஏ.சி.யில் பழகியவர், கை தானாகக் கேஜுக்குப் போகும். அங்கே கேஜ் உண்மையும் சொல்லும். தண்ணீர் ஓடுகிற மிஷினில் முதலில் தண்ணீரை அளக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். என்றாலும் பதினெட்டாயிரம் டாலர் மதிப்பீடு எழுதிய பேனாவுக்கு, ரெண்டு வெப்பநிலையை எழுத முடியாமலா போச்சு? அந்த வருத்தம் எனக்கு உண்டு.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் ரெஃப்ரிஜரேஷன் லேபில் ஒரு டெஸ்ட் ரிக் இருக்கிறது. எங்கள் காலத்தில் ரீடிங் எடுப்பதைவிட, சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங் எடுப்பது அதிகம் நடந்தது. (கைதட்டலைப் பார்த்தால் இன்னும் நடக்கிறது போல.) அடுத்த தரம் லேப் நேரத்தில் பிரஷர் கேஜைத் துணியால் மூடிவிட்டு, தண்ணீர் ஓட்டம், தண்ணீர் வெப்பநிலை, வாட்மீட்டர் இது மூன்றை மட்டும் வைத்து சி.ஓ.பி. கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு துணியை எடுங்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நம் ஊரில் இதைப் போட முடியுமா, சார்?" நல்ல கேள்வி. நம் சமவெளியில் நிலத்தடி வெப்பநிலை ஆண்டுச் சராசரியை ஒட்டி 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்கும். சித்திரை மத்தியானத்தின் 40 டிகிரிக் காற்றில் வெப்பத்தைத் தள்ளுவதைவிட 28 டிகிரி மண்ணில் தள்ளுவது கம்ப்ரஸருக்குச் சுலபம்தான். ஆனால் இண்டியானாவில் கோடையில் மண்ணுக்குள் தள்ளிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துவிடுகிறோம். இங்கே பன்னிரண்டு மாசமும் தள்ளிக்கொண்டே இருப்போம், எடுக்க ஆளில்லை. வருஷா வருஷம் லூப்பைச் சுற்றியுள்ள மண் சூடேறிக்கொண்டே போகும். அதை ஈடுகட்ட இன்னும் நீளமான குழாய் வேண்டும், அல்லது கூடவே ஒரு கூலிங் டவர் வேண்டும், செலவு ஏறும். ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு, அங்கே ராத்திரியில் வெப்பமும் தேவைப்படுகிறது. கேட்ட தங்கைக்கு விருப்பமிருந்தால் ஃபைனல் இயர் புராஜெக்டாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், மண்ணின் வெப்பக் கடத்தல் எண்ணை எப்படி அளப்பது என்று நான் எழுதி அனுப்புகிறேன்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது.